காது மெஷின் பை

கண்ணயர்ந்திருந்த அப்பாவின் மார்பில் கிடந்த துணிப்பையின் பட்டனைக் கன்னியம்மாள் இரண்டு விரலால் கழற்றினாள். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் காது மெஷின். அதிலிருந்து ஒயர் அவர் வலது காதுக்குப் போயிருந்தது. சமையலறையில் தம்பி மனைவி பாஞ்சாலை கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் கேட்கிறவரைக்கும் பயமில்லை. அலமாரியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகியிருந்த ஊதா வெல்வெட் பைக்குள் மெஷினை மாற்றினாள். அப்பாவின் தலையை மெல்லத் தூக்கி நாடாவை மாட்டினாள். பழைய பையைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிவிட்டார்கள். போகிறபோதாவது என்னுடையதைப் போட்டுக்கொண்டு போகட்டும் என்று நினைத்தாள்.

அப்பா தருமனுக்குப் பே கோபுரத் தெருவில் சைக்கிள் கடை. காது மந்தமானபோது கட்டிக்கொடுத்த வேங்கிக்காலிலிருந்து வந்து, கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு லீவு போட்டு, வேலூருக்கு அழைத்துப்போய் மெஷின் வாங்கிக் கொடுத்தது மகள் கன்னியம்மாள்தான். பஞ்சர் பார்க்கக் குனிந்தபோது அது சட்டைப் பையிலிருந்து நழுவித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழப்பார்த்தது. பாஞ்சாலை பழைய பனியன் ஒன்றைக் கத்தரித்து, பட்டன் வைத்து, கழுத்தில் தொங்க நாடா கோத்து, ஒரு சாயங்காலத்தில் கையாலேயே பை தைத்துவிட்டாள். அன்றிலிருந்து காற்றடிக்க வந்தவர்களிடமெல்லாம் தருமன் மார்பைத் தட்டிக் காட்டினார்.

"எம் மருமவ தச்சது. கனமே தெர்ல பாரு."

மெஷின் யார் வாங்கித் தந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கன்னியம்மாளுக்கு வயிறு எரிந்தது. தேரடி வீதியில் வெல்வெட் வாங்கி, உள்ளே பஞ்சு வைத்து, ஓரமெல்லாம் ஜரிகை ஓட்டி, விரல் நுனி புண்ணாகத் தைத்துக் கொண்டுவந்தாள். தருமன் ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டார்.

"சோக்கா கீதும்மா. ஆனா பேசறதெல்லாம் கெணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி கேக்குது."

பாஞ்சாலை சொல்லிக்கொடுத்த பேச்சு அது என்று கன்னியம்மாள் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலை கஞ்சி டம்ளரோடு வந்தாள். மாமனாரின் மார்பைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துக் கஞ்சியை ஆற்றத் தொடங்கினாள். ஏன் மாத்தினீங்க என்று கேட்டிருந்தால் சொல்வதற்குக் கன்னியம்மாள் நாலு வார்த்தை வைத்திருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். தம்பி மணிவேல், லாரியை ஓசூரில் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தான். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் அங்கிருந்து நடை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பனுக்கும் பிள்ளைக்கும் கடையை வைத்துத்தான் சண்டை. பொங்கலிலிருந்து பேச்சில்லை.

"நைனா, மணி வந்துகீறேன்."

தருமன் கண்ணைத் திறந்தார். மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"கடைய நான் பாத்துக்கறேன் நைனா. இனிமே லாரி ஏறல. கேக்குதா?"

தருமன் சிரித்தபடி தலையாட்டினார். கேட்காதபோது எல்லோருக்கும் பொதுவாகச் சிரிக்கிற சிரிப்பு. கன்னியம்மாளுக்கு அது தெரியும். மணிவேல் இன்னும் உரக்கச் சொன்னான். அவர் மறுபடியும் அதே சிரிப்புச் சிரித்தார். விரல்கள் மார்பில் எதையோ தேடின. அந்தப் பையைக் கழற்றினால் போதும். கன்னியம்மாளின் கை மடியிலிருந்து எழவில்லை.

பாஞ்சாலை குனிந்தாள். வெல்வெட் பைக்குள் கையை விட்டு மெஷினை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் புருஷன் வாயருகே நீட்டினாள்.

"இப்ப சொல்லுங்க."

அவன் சொன்னான். பாதியிலேயே குரல் உடைந்தது. தருமனின் சிரிப்பு நின்றுவிட்டது. "செரிடா" என்றார். தேடிக்கொண்டிருந்த கை மெஷினைப் பிடித்திருந்த பாஞ்சாலையின் கையைக் கண்டுபிடித்து அதன்மேல் படிந்தது. அதன்பிறகு அசையவில்லை.

அப்பா போய்விட்டார் என்பது கன்னியம்மாளுக்குப் பிறகுதான் உறைத்தது. முதலில் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பந்தல் போட்டு, மேளம் வந்து, குளிப்பாட்டத் தூக்கியபோது வெல்வெட் பை பாயில் விழுந்தது. எதிர்வீட்டு ஜோதியம்மாள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாமா வேல செஞ்சிகீது! யாரு தச்சது?"

கன்னியம்மாள் வாயைத் திறக்குமுன் பாஞ்சாலை சொன்னாள். "எங்க அண்ணி. மாமா கடசி வரைக்கும் அதத்தான் போட்டுனு இருந்தாரு."

கன்னியம்மாள் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். குத்திக் காட்டுகிறாளா, விட்டுக் கொடுக்கிறாளா? எதுவும் தெரியவில்லை. பொய் என்றும் சொல்ல முடியாது.

"குடுத்து வெச்சவடி நீ" என்று ஜோதியம்மாள் கன்னியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மற்றவர்களும் வந்து கட்டிக்கொண்டார்கள். இத்தனை நாள் எதற்கு ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது. அதுவும் பாஞ்சாலை கொடுத்ததாகவே வந்தது.

பாடை தெருமுனை திரும்பியது. பெண்கள் பொரி இறைத்த வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு, பின்கட்டில் ஒவ்வொருவராகத் தலைமுழுகினார்கள். பாஞ்சாலை கல்லின்மேல் குத்துக்காலிட்டுக் குனிந்துகொண்டாள்.

"நீங்களே ஊத்துங்க அண்ணி."

கன்னியம்மாள் ஊற்றினாள். தலை நனைந்து முடி முன்னால் சரிந்தது. பாஞ்சாலை கண்ணை மூடிக்கொண்டே துண்டுக்குக் கையை நீட்டினாள். துண்டு கன்னியம்மாளின் தோளில்தான் கிடந்தது. பின்கழுத்தில், முடியடியில், ஒரு பொரி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்துவிட்டிருக்கலாம். கன்னியம்மாள் இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினாள். பொரி போகவில்லை. நீட்டிய கை மெல்லத் திரும்பி முழங்காலைப் பற்றிக்கொண்டது. கன்னியம்மாள் சொம்பை மறுபடியும் அண்டாவுக்குள் விட்டாள்.