நூறடிக் கிணறு

தருமபுரியில் எங்கள் தெருப் பெண்கள் சிரிக்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பணத் திமிர் என்று சிலர் சொன்னார்கள், பெரிய இடத்து அடக்கம் என்று சிலர். இரண்டும் இல்லை. எங்கள் பல் பழுப்பு.

1930க்கு முன் அந்த இடம் வெறும் கரட்டு மேடு. ஒரு கோடையில் ஊரில் வாந்திபேதி வந்து போனது. புளி மண்டி வைத்திருந்த என் அப்பா நஞ்சப்பன், ஊர்க்காரர்கள் குடிக்கும் ஏரித் தண்ணீரை இனி என் குடும்பம் குடிக்காது என்று சபதம் போட்டு அங்கே மனை வாங்கினார். அவரைப் பார்த்து வக்கீல் வந்தார், எண்ணெய்ச் செக்கு முதலாளி வந்தார். மச்சு வீடுகள் எட்டு எழுந்தன. ஊர் அதற்குப் பங்களாத் தெரு என்று பெயர் வைத்தது. பாறையில் மூன்று மாதம் வெடி வைத்து நூறடிக்குக் கிணறு இறக்கினார்கள். கிணற்றுக்குச் சுவர், கதவு, பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி. விருந்தாளி யார் வந்தாலும் காப்பிக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "என்ன ருசி" என்று சொல்லும்வரை எதிரிலேயே நிற்போம். சொல்லாதவர்களை மறுபடி கூப்பிட்டதில்லை.

கிணறு இறக்கியபோது எனக்கு இரண்டு வயது. அந்தத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பால் பல் விழுந்து முளைத்த பல் கறையோடுதான் முளைத்தது. வெல்லம் தின்றதால் என்றார்கள். சாம்பலால் தேய்க்கச் சொன்னார்கள். பெண் பார்க்க வரும் நாளில் வெற்றிலை போட வைத்தார்கள், சிவந்த வாயில் கறை தெரியாதாம். சின்னப் பெண் வெற்றிலை போட்டால் மாடு முட்டும் என்பார்கள். எங்களை எந்த மாடும் முட்டவில்லை. கூத்து என்னவென்றால், பங்களாத் தெருவில் இதுதான் வழக்கமாம் என்று கடைவீதிக்காரர்களும் தங்கள் பெண்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்களுக்கெல்லாம் நல்ல வெள்ளைப் பல்.

என்னைப் பார்க்கச் சேலத்திலிருந்து இரண்டு இடம் வந்தது. ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். போடவில்லை. 1942இல் பக்கத்து வீட்டு வக்கீல் மகன் அர்ச்சுனனுக்கே என்னைக் கொடுத்தார்கள். அவருக்கும் பழுப்பு. கல்யாணப் படத்தில் இருவரும் வாயை இறுக்கி மூடியிருக்கிறோம். பார்த்தவர்கள் என்ன கம்பீரம் என்றார்கள்.

மறு வருடம் முனிராஜ் பிறந்தான். ஆறாம் மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது சேலத்திலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தோம். அவர் காய்ச்சலை ஒரு நிமிடம் பார்த்தார், என் வாயை வெகுநேரம் பார்த்தார். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பல்லைக் காட்டச் சொன்னார். பாறை ஆழத்துத் தண்ணீர்தான் இதைச் செய்கிறது, பல் ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே கெடுத்துவிடுகிறது, இந்தக் குழந்தைக்காவது ஏரித் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றார். என் மாமியார் ஜானகியம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"நூறடித் தண்ணிங்க இது. அந்த ஏரியில மாடு குளிக்குதுங்க," என்றார். வீட்டில் அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. என் பிள்ளையாவது வாய் திறந்து சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் பட்ட ஆசை அது ஒன்றுதான். ஏரிக்கு வண்டி அனுப்பினால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். நானே குடத்தோடு போனாலும் சிரிக்கும். எங்கள் மாட்டுக் கொட்டகையைப் பெருக்கும் குள்ளம்மாள்தான் வழி. அவள் பிள்ளைகள் மூன்றும் ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவை, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பவை. அவளிடம் ரகசியமாகச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் ஒரு மைல் சுமந்து புழக்கடைக் கதவுக்குக் கொண்டுவந்தாள். அவள் குடத்தை நான் தொடவில்லை. என் தவலையில் உயரத்திலிருந்து ஊற்றச் சொன்னேன்.

காய்ச்சினேன், ஆற வைத்தேன், சங்கில் எடுத்தேன். பிள்ளையின் உதடுவரை போன கை அங்கேயே நின்றுவிட்டது. அவள் தொட்ட தண்ணீர். வேறு காரணம் எதுவும் இல்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்று கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

அந்த நாளை வரவில்லை. வேண்டாம் என்று அவளிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது. அவள் தினம் கொண்டுவந்தாள், நான் தினம் செடிக்கு ஊற்றினேன். பிள்ளை நூறடித் தண்ணீரையே குடித்தான். இப்படி ஆறு வருடம். செடி மரமாகிவிட்டது. தெருவில் யார் வீட்டு ரசத்துக்கும் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைதான். ஆரம்பத்தில் ஊற்றும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். பிறகு அதுவும் இல்லை, சோறு வடிப்பது போல ஒரு வேலை.

1949இல் முனிராஜுக்குப் பால் பல் விழுந்து முன்பல் இரண்டு முளைத்தது. பழுப்பு. கண்ணாடியில் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

புழக்கடையில் குள்ளம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஆறு வருசமா ஏரித் தண்ணி குடிச்சுங்கூட இப்பிடி ஆயிருச்சுங்களே, சின்னம்மா," என்றாள். "நான் மோந்த எடம் சரியில்லையாட்டம் இருக்குதுங்க. எம் மேலதானுங்க குத்தம்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அழுகிறேன் என்று நினைத்து அவள் என்னைத் தேற்றினாள். எனக்கு அழுகை வரவில்லை.

தொட்டிலில் என் இரண்டாவது பிள்ளை இருந்தாள், எட்டு மாதப் பெண். மறுநாள் குள்ளம்மாள் வெயில் ஏறிய பிறகுதான் வந்தாள். ஏரியைச் சுற்றிக்கொண்டு, மாடு இறங்காத அக்கரைக்குப் போய் மோந்து வந்தாளாம். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"பாப்பாவுக்காவது ஆவட்டுங்க," என்று சொல்லி, தன் விரல் படாமல், உயரத்திலிருந்து என் தவலையில் ஊற்றினாள்.

அவள் போன பிறகு தவலையை எடுத்துக்கொண்டு நான் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனேன்.