தப்பில்லாத முப்பது பக்கம்

பாண்டிச்செல்வியின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் சென்னைப் பக்கம் பிள்ளைப்பாக்கத்துக் கம்பெனியின் இரும்பு அலமாரியில் கிடந்தது. டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் வேலை பார்த்தால்தான் திரும்பக் கிடைக்கும். அதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா சங்கரன்கோவிலிலிருந்து அப்பா அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டும்? ஆசிரியர் பயிற்சியில் இடம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் அசல் பட்டியலோடு நிற்க வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இங்கே பூசாரி சூப்பர்வைசர் முனிரத்தினம்.

“சனிக்கிழம மத்தியானத்துக்குள்ள இந்தப் புக்கு முடியணும். முடிச்சிட்டன்னா மேனேஜராண்ட பேசி நானே எடுத்துக் குடுக்கறேன்,” என்றார் அவர். நல்லவர் மாதிரிதான் சொன்னார்.

எந்த நாட்டு மகராசனோ உட்கார்ந்து சேர்த்த புத்தகம் அது. வரிக்கு மூன்று கட்டம்: பழைய ஊரின் லத்தீன் பெயர், அந்த ஊர்க்காரர்களின் லத்தீன் பெயர், இப்போது அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பது. சகுந்தும் என்றால் ஊர், சகுந்தினி என்றால் அங்கே குடியிருந்தவர்கள். தர்ராக்கோ ஊர் என்றால் ஆட்கள் தர்ராக்கோனென்செஸ். வாயால் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நல்ல வேளை, விரலால் அடித்தால் போதும். சில ஊர்களுக்கு மூன்றாவது கட்டத்தில் வெறும் கேள்விக்குறி. ஊரே எங்கே என்று தெரியாமல் போயும், ஊர்க்காரர்கள் பெயர் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். இருக்கிற ஊருக்கே போக வழியில்லாத பாண்டிச்செல்விக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வருகிற இடத்தைச் சிவப்பில் காட்டும். தப்பு யாருடையதோ அவர் பெயரில் அது ஏறும்; அளவுக்கு மீறி ஏறினால் வேலை போகும். பாண்டிச்செல்வி முதல் கை, சுகப்பிரியா இரண்டாவது கை. சுகப்பிரியா கோவில்பட்டிக்காரி, ஒரே அறையில் தங்கியிருப்பவள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அலமாரியில் இருந்த தன் பட்டியலைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைசி முப்பது பக்கத்தைப் பாண்டிச்செல்வி வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டாள். காய்ச்சலில் கிடந்த சுகப்பிரியா சனிக்கிழமை காலை வந்து உட்கார்ந்தபோது, அவள் பங்கில் அந்த முப்பது பக்கமும் அப்படியே மிச்சம்.

“ஏட்டி, உன் ஃபைலை அப்படியே எடுத்து என் பேருல போட்டுருதேன். நீ ஊருக்குப் போய்ச் சேரு,” என்றாள் சுகப்பிரியா.

“மாட்டிக்கிட்டா?”

“எப்படி மாட்டும்? ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா ஒரு செவப்பும் வராதுல்லா.”

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. பாண்டிச்செல்வி தலையாட்டினாள்.

மத்தியானம் முனிரத்தினம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு சிவப்பும் வரவில்லை. அவர் முகம் மலரவில்லை; மறுபடியும் ஒப்பிட்டார், அப்போதும் வரவில்லை. இருவரையும் தன் மேஜைக்குக் கூப்பிட்டார்.

“பத்து வருஷமா இந்த வேலைல கீறேன். இங்கிலீஷ் கதைப் பொஸ்தகத்துலயே பக்கத்துக்கு நாலு செவப்பு வரும். இது லத்தீனு, அதுவும் ஊர்ப் பேரு. முப்பது பக்கத்துல ஒண்ணுகூட இல்லியா? மனுசங்க அடிச்சா தப்பு வரும்மா. யாரு காப்பி அடிச்சது?”

தப்பே இல்லாததுதான் தப்பு என்று இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. நாலு எழுத்தை மாற்றிப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

“நாந்தான் சார்,” என்றாள் சுகப்பிரியா. “அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

முனிரத்தினம் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்து சுகப்பிரியாவின் முன்னால் போட்டார். “கெளம்பு. தொரத்தின ஆளோட சர்ட்டிபிகேட்ட வச்சினு நான் இன்னா பண்றது?”

பாண்டிச்செல்வி அந்த உறையையே பார்த்தாள். இவ்வளவு சுலபமா? சிநேகிதியின் வேலை போன துக்கத்தைவிட, அந்த உறை தன்னுடையதில்லையே என்ற துக்கம் முந்திக்கொண்டு வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“சார், அவ பொய் சொல்லுதா. காப்பி அடிச்சது நான். என்னைத் தொரத்துங்க.”

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். “உன் ஃபைல் நேத்து சேவ் ஆயிருக்குது. அவளுது இன்னிக்கி. யார்கிட்ட வுடற? உன்ன மாதிரி கை எனக்கு வேற எங்கம்மா கெடைக்கும்? அவ சீட்ல குந்து. ரெண்டாவது தரமும் நீயே அடி. முடிச்சதும் உன்னுத வாங்கிக்கோ.”

மூன்று நாள் வேலை அது. திங்கட்கிழமை அதற்குள் வந்து போய்விடும்.

சுகப்பிரியா வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். தனக்குத் தேவையில்லாத உறையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். பாண்டிச்செல்வியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உட்கார்ந்தவளுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. தப்பாக அடி, கண்டபடி அடி, உன்னையும் துரத்தட்டும். முதல் பக்கம் முழுவதும் ஊர்களின் பெயரையெல்லாம் சிதைத்தாள். ஊர்க்காரர்களை எங்கெங்கோ குடியேற்றினாள். ஸ்பெயின் என்றிருந்த இடத்தில் கேள்விக்குறி போட்டாள். ஒப்பிட்டபோது திரை முழுக்க ஒரே சிவப்பு. எழுந்து போய், “சார், வந்து பாருங்க,” என்றாள்.

முனிரத்தினம் வந்து நின்று, நிதானமாகப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை.

“எது சரின்னு எனக்குத் தெரியாதா? உன்னோட நேத்து ஃபைல்தான் சரி,” என்றார். “இந்தத் தப்பெல்லாம் உன் பேர்ல ஏறாது. நீ குந்திகீறது சுகப்பிரியா லாகின்ல. அவ பேர்லதான் ஏறும். ரெண்டாவது பக்கத்த ஆரம்பி.”