சேதுபதி தொடாத பந்து

மலாய் நாடு விடுதலை பெற்றுத் தன் காலில் நிற்கப்போகிற ஆண்டு அது. காஜா பெராங் வட்டாரக் கூடைப்பந்துக் குழுவாகிய நாங்கள் கோர்ட்டில் பெரும்பாலும் விழுந்து கிடந்தோம்.

நகர லீக்கில் அதுவரை ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தோல்வி. மிச்சமிருந்தது புக்கிட் பாரு குழுவோடு ஒரே ஆட்டம். ஒன்றிலாவது ஜெயிக்காத குழுவுக்கு அடுத்த ஆண்டு லீக்கில் இடமில்லை என்று விதி. எங்களை மனத்தில் வைத்தா இந்த விதியை எழுதினீர்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

குழுத் தலைவன் நான். கல்லூரியில் படிக்கிறவன் என்பதற்காகத் தலைவனாக்கினார்கள். ஆட்டம் தெரிந்தவன் என்று யாரும் தவறாக நினைத்ததில்லை. குழு போய்விட்டால் சாயங்காலங்களில் நான் வீட்டில் இருக்கவேண்டும். வீட்டில் அப்பா இருப்பார். என் படிப்பைப் பற்றி அவரிடம் நிறையக் கேள்விகள் இருந்தன.

எங்களில் பந்தைக் கூடைக்குள் போடத் தெரிந்தவன் சேதுபதி ஒருவன்தான். மின்கம்பத்தில் வேலை செய்பவன். பாதிக் கம்பங்களுக்கு அவனுக்கு ஏணி வேண்டாம்.

அந்தச் சமயத்தில் மாரியம்மன் திருவிழா வந்தது. பயிற்சி செய்வதைவிட வேண்டிக்கொள்வது சுலபம் என்று எல்லாருக்கும் பட்டது. ஆனால் காப்பு கட்டினால் கறி மீன் கிடையாது. யார் கட்டுவது என்றதும் நான்கு பேர் நான்கு பக்கம் பார்த்தோம்.

“சேதுபதி கட்டட்டும். உயரமான ஆளு, அம்மன் கண்ணுல சுலபமா படுவான்,” என்றேன்.

சேதுபதி சொன்னதை நம்புகிறவன். கட்டிக்கொண்டான். எங்கள் வீட்டில் அன்று ஆட்டுக்கறி.

அவன் அக்கா ருக்மணி, சாமி காரியத்தில் எந்த நடுவரையும்விடக் கண்டிப்பு. காப்பு கட்டியவன் மேல் தோல் படக்கூடாது என்று செருப்பை வாங்கி வைத்தார்; கைக்கடிகாரத்தை வாருக்காகவே கழற்றினார்; பெல்ட்டைப் பிடுங்கிவிட்டு அவன் கால்சட்டைக்குச் சணல் கயிறு கொடுத்தார். இன்னும் ஒரு தோல் சாமான் மிச்சமிருந்தது. பயிற்சி என்ற பழக்கமே எங்களுக்கு இல்லாததால், ஆட்ட நாள் வரை அது யார் நினைவுக்கும் வரவில்லை.

நடுவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி! தொடாதே! தோலுடா அது!” கோர்ட் ஓரத்திலிருந்து ருக்மணி அக்காவின் குரல். சேதுபதி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அக்கா, அது பந்துக்கா,” என்றேன்.

“பந்துன்னா? மரத்துல காய்ச்சுச்சா?”

“இன்னிக்கு ஒரு நாளு மட்டும்...”

“ஜெயபாலா, வேண்டிக்கச் சொன்னது யாரு? நீ. கறி தின்னது யாரு? அதுவும் நீ. பேசாம போயி ஆடுலா!”

எங்களில் ஒருவனான நடராஜன் தலையில் கை வைத்து, “ஹாபிஸ்லா!” என்றான். அவன் காஜா பெராங்கில் பல தலைமுறைகளாக வாழும் சிட்டி என்ற தமிழ் வம்சாவளி வீட்டுப் பிள்ளை. வீட்டில் பேசுவது மலாய். ‘எல்லாம் முடிந்தது’ என்பதை எந்த மொழியில் சொன்னாலும் எங்களுக்குப் புரியும். அவ்வளவு பழக்கம்.

இருந்ததே ஐந்து பேர். ஒருவன் குறைந்தால் ஆட்டமே இல்லை.

“நான் என்னடா செய்ய?” என்றான் சேதுபதி.

“அவங்க கூடைக்குப் பக்கத்துல, கூடை முன்னாடி இருக்கிற கட்டத்துக்கு வெளிய நில்லு. கையைக் கூப்பிக்க. வேற ஒண்ணும் செய்யாதே.”

கண்ணையும் மூடிக்கொண்டு நின்றான். புக்கிட் பாரு தலைவன் ஆ சோங், சேதுபதி ஆடி முன்பு பார்த்திருக்கிறான். எதிராளியின் ஒரே நல்ல ஆட்டக்காரன் சும்மா கும்பிட்டுக்கொண்டு நின்றால் அதில் பெரிய சூழ்ச்சி இருக்கவேண்டும். ஒரு குழு இவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, நல்ல மனிதன். இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தினான். சேதுபதி நகரவில்லை, அவர்களும் நகரவில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியபோது மூவரும் சேர்ந்தே நடந்துபோனார்கள்.

மீதி, நாங்கள் நான்கு பேர், அவர்கள் மூன்று பேர். எங்களைத் தோற்கடிக்க மூன்று பேர் தாராளம். ஆனாலும் அந்தப் பருவத்தில் முதல்முறையாக, யாரும் இடித்துத் தள்ளாமல் நிற்க எனக்கு ஓர் இடம் கிடைத்தது. நடராஜன் போட்டான். அதுவரை ஒரு கூடையும் போடாத கருணாகரன்கூடப் போட்டான். கடைசி நிமிடத்தில் ஒரே புள்ளிதான் பின்தங்கியிருந்தோம்.

பந்து என்னிடம் வந்தது. கூடையைப் பார்த்துத்தான் எறிந்தேன். அது நேராகச் சேதுபதியின் முகத்துக்குப் போனது.

“குனிடா!” என்று அக்கா அலறினார்.

கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்துவிட்டான். அவன் பந்தைப் பிடிக்கப்போகும் அந்தக் கணத்துக்காகவே பொழுதெல்லாம் காத்திருந்த காவலாளி, பின்னாலிருந்து எம்பி ஓங்கி அடித்தான். பந்து மேலே எழும்பி, வளையத்தில் ஒரு சுற்று சுற்றி, உள்ளே விழுந்தது. போட்டது புக்கிட் பாருக்காரன். இரண்டு புள்ளியும் எங்களுக்கு. விசில்.

“என்னடா சத்தம்? தோத்துட்டோமா?” என்றான் சேதுபதி, உட்கார்ந்தபடியே.

பால்குடத்தன்று ஆ சோங் கோயிலுக்கு வந்தான். இந்தச் சாமிதானா என்று மலாயில் விசாரித்தான். சீனர் காப்பு கட்டலாமா என்றும் கேட்டான்.

“போலே, போலே! தாராளமா கட்டலாம். தோல் மட்டும் படக்கூடாது,” என்று அக்கா இரண்டு மொழியிலும் சொன்னார்.

அவன் அங்கேயே பெல்ட்டைக் கழற்றினான்.

ஆக, அடுத்த ஆண்டும் லீக்கில் இருக்கிறோம். முதல் ஆட்டமே புக்கிட் பாருவோடு, திருவிழா வாரத்தில். அவர்கள் ஐந்து பேரும் காப்பு கட்டப்போகிறார்களாம். விட்டுக்கொடுக்க முடியுமா? நாங்களும் ஐந்து பேரும் கட்டுகிறோம். நான் கறியை விடுவதாக அக்காவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். பந்தை நடுவர் மட்டும் தொடுவார் என்று நினைக்கிறேன்.