அமெரிக்க லிண்டா

என் கணவர் ஸ்ரான்லிக்கு அமெரிக்காவோடு இருந்த ஒரே கோபம், அவர்கள் லண்டன்காரருடைய ரீவிப் பகிடி நாடகங்களை வாங்கித் தங்கள் நடிகர்களைப் போட்டுத் திரும்ப எடுப்பதுதான். உலகமெல்லாம் குண்டு போட்டதைக்கூட ஏதோ சாட்டுச் சொல்லி மன்னித்துவிடுவார். ‘பிக்கெட் லோண்டறி’யைத் திரும்ப எடுத்ததை மட்டும் மன்னிக்கமாட்டார்.

அது மழை விடாத ஓர் ஆங்கிலேய ஊரில் உடுப்புத் தோய்க்கும் கடை வைத்திருக்கிற ஒரு புருஷன் பெண்சாதியின் கதை. கலியாணம் முடித்த புதிதில், லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் இருந்தபோது, யாரோ தந்த பழைய ரீவியில் அதைப் பார்த்தோம். ஆங்கிலம் பாதிதான் விளங்கும். ஆனால் அந்தப் பெண்சாதி கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் டொக்கென்று வைக்கிற விதம் முழுதாக விளங்கியது. எங்கள் ஊர் பாசையூரிலும் பெண்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

ஒவ்வொரு பகுதியும் அந்த டொக்கில்தான் முடியும். நாள் முழுக்க நாயும் பூனையுமாகச் சண்டை பிடிப்பார்கள். கடைசியில் அவள் கோப்பையைக் கொண்டுவந்து வைப்பாள். அவன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி எடுத்துக் குடிப்பான். அவ்வளவுதான். தொடமாட்டார்கள், ஒரு நல்ல வார்த்தை பேசமாட்டார்கள். ஸ்ரான்லி கண்ணைத் துடைத்துக்கொள்வார். கேட்டால், சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணீர் வந்துவிட்டது என்பார்.

நாங்கள் சிட்னிக்கு வந்து கிரவீனில் குடியேறிக் கனகாலத்துக்குப் பிறகு அமெரிக்காக்காரன் அதைத் திரும்ப எடுத்தான். அதே கடை, அதே சண்டை, சில இடங்களில் அதே வசனம். ஆனால் மழை இல்லை. எல்லாருக்கும் பல் ஒரே வரிசையாகப் பளபளத்தது. முடிவில் புருஷனும் பெண்சாதியும் கட்டிப்பிடித்து ‘ஐ லவ் யூ’ சொல்ல, பின்னால் ஒரு கிட்டார் வாசித்தது. ஸ்ரான்லி ரிமோட்டைத் தூக்கி எறிந்தார்.

“உடுப்புத் தோய்க்கிறவளுக்கு உந்தப் பல்லு எங்கால வந்தது? கட்டிப்பிடிச்சாப் பிறகு என்ன பகிடி கிடக்கு? லிண்டா, நீர் உந்த நாடகத்தை நிப்பாட்டும்.”

“எறிஞ்சது நீர். நீரே போய் எடுத்து நிப்பாட்டும்,” என்றேன்.

இந்த ‘நீர்’ எங்கள் வீட்டுச் சொல். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் புருஷனை ‘நீங்கள்’ என்பார்கள், ‘இஞ்சாருங்கோ’ என்று கூப்பிடுவார்கள். நாங்கள் விரும்பிக் கட்டினவர்கள். அவர் எனக்கு நீர், நான் அவருக்கு நீர். ‘நீ’ என்றால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். ‘நீங்கள்’ என்றால் பிறத்தியார். செல்லம், டார்லிங் எல்லாம் எங்களிடம் கிடையாது. எங்களுக்கு இருந்த செல்லமெல்லாம் அந்த ஒரு ‘நீர்’தான்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் கதவுத் திறப்பை வைத்த இடம் மறந்தது. பிறகு செபமாலை சொல்லும்போது எந்த மணியில் நிற்கிறார் என்று மறந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் காண்கிற ஆட்களின் பெயர் மறந்தது. என்னை மட்டும் மறக்கவில்லை. அதுதான் பெரிய கொடுமையாகப் போய்விட்டது.

போன வருஷம் என் மேற்பல் எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டதால், பென்டில் ஹில்லில் ஒரு பல் வைத்தியரிடம் போய்ப் பிடுங்கிவிட்டுப் புதுப் பல்வரிசை கட்டினேன். கட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது ஸ்ரான்லி கதிரையை விட்டு எழும்பி நின்றார்.

“வாங்கோ, இருங்கோ,” என்றார் மரியாதையாக. “லிண்டா வெளியில போயிட்டா. இப்ப வந்திடுவா.”

“பகிடி விடாதையும்,” என்றேன். அவர் பகிடி விடவில்லை.

அன்றிரவே எங்கள் மகள் வினுஷாவிடம் போனில் விளக்கமாகச் சொன்னார். அவள் மெல்பேர்னில், கிளேட்டனில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். “பிள்ளை, இது அம்மா இல்ல. அம்மாவை அமெரிக்காக்காரன் திரும்ப எடுத்திருக்கிறான். வீடு அதே வீடு. சட்டையும் அம்மான்ர சட்டைதான். ஆனா பல்லைப் பார்.”

வினுஷா முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். மனுஷன் அறிவு கெட்டும் ரசனை கெடாமல் இருக்கிறாரே என்று எரிச்சலாகவும் இருந்தது. மறுநாள் பல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் பொக்கை வாயோடு முன்னால் போய் நின்றேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, “மேக்கப் நல்லாத்தான் செய்யினம்,” என்றார்.

சில மறதிக்காரருக்கு இப்படி வரும் என்று வைத்தியர் சொன்னார். மிக நெருங்கினவரைத்தான் வேற்றாள் என்பார்களாம். வாதாட வேண்டாம் என்றார். நான் வாதாடவில்லை. ஆனால் ஸ்ரான்லி லிண்டாவைத் தேடத் தொடங்கினார். நான் குசினியில் நிற்க, அவர் என்னைத் தேடிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிடுவார். கார்கள் பறக்கிற பெரிய வீதியிலிருந்து பொலிஸ் கூட்டிக்கொண்டு வந்து விட்டது. பின்னொரு நாளும் கூட்டிக்கொண்டு வந்தது. “மனுசியைக் காணேல்லையாம்,” என்று அந்தப் பொலிஸ்காரப் பெடியன் என்னிடமே ஆங்கிலத்தில் சொன்னான். நான் நன்றி சொல்லிக் கதவைப் பூட்டினேன்.

இனி வீட்டில் வைத்திருக்க ஏலாது என்று எல்லாரும் சொன்னார்கள். முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. வருகிற திங்கள் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு முதல் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து ஒருக்கால் ‘நீர்’ என்று சொல்லிவிட்டால் போதும். பிறகு இல்லத்துக்காரர் அவரைக் கழுவட்டும், சோறு தீத்தட்டும், கட்டிலுக்குக் கம்பி போடட்டும். நான் தாங்கிக்கொள்வேன்.

வினுஷாவிடம் இதைச் சொன்னபோது அவள் வழக்கம்போல ஆங்கிலம் கலந்து மறுமொழி சொன்னாள். “அம்மா, ஜஸ்ட் டெல் ஹிம் யூ லவ் ஹிம். ஒருநாளாவது சொல்லியிருக்கிறீங்களா?”

சொன்னதில்லை. தமிழில் அதை எப்படிச் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியாது. படித்த பிள்ளை சொல்லுகிறாளே என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் துணிந்தேன். ஸ்ரான்லி யன்னலோரம் கதிரையில் இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் நோவோடு பக்கத்தில் முழந்தாளிட்டு, அவரைக் கட்டிப்பிடித்தேன். கன்னத்தை அவருடைய தோளில் வைத்தேன்.

“ஸ்ரான்லி, ஐ லவ் யூ. நான்தானப்பா உம்மட லிண்டா.”

அவர் விறைத்துப்போய் இருந்தார். பிறகு, செத்த வீட்டில் முன்பின் தெரியாதவர்களைத் தட்டிக்கொடுப்பதுபோல என் முதுகில் மெல்லத் தட்டினார். தலையைத் திருப்பி ஹோலின் மூலையைப் பார்த்தார்.

“இனிக் கிட்டார் தொடங்கும்,” என்றார்.

நான் கையை எடுத்தேன். “எனக்கு முதலே தெரியும்,” என்றார் அவர், மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்ற கவலையோடு. “லிண்டா செத்தாலும் உப்பிடிச் சொல்லமாட்டா. குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கு எழுதித் தந்ததைத்தானே நீங்கள் சொல்லுறியள்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நோயின்மேல் வந்ததோ, மகள்மேல் வந்ததோ, அந்தப் பாழாய்ப்போன அமெரிக்காக்காரன்மேல் வந்ததோ தெரியாது. விறுவிறென்று குசினிக்குள் போனேன். கேத்திலைப் போட்டேன். தேத்தண்ணி ஊற்றும்போதே வாய் தொடங்கிவிட்டது.

“நான் பல்லுக் கட்டினது ஒரு குத்தமே? இவ்வளவு காலமும் உமக்கு அவிச்சுக் கொட்டினது ஆர், அமெரிக்காக்காரியே? ஈஸ்ட்ஹாமில குளிருக்க உம்மட சொக்ஸை ஹீற்றரில காயப்போட்டது ஆர்? விடிஞ்சாப் பொழுதுபட்டா வாசலைப் பார்த்துக்கொண்டு இரும்! குடிச்சாக் குடியும், இல்லாட்டிக் கொண்டுபோய் ஊத்தும்!”

கோப்பையை அவருக்கு முன்னால் டொக்கென்று வைத்தேன். தேத்தண்ணி சிந்தி மேசையில் ஓடியது.

ஸ்ரான்லி வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் நீண்டு வந்தது. கோப்பையை எடுத்துக் குடித்தார்.

மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் கும்பிட்டேன். அவர் பாதி குடித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் என் ஸ்ரான்லியின் சிரிப்பைக் கண்டேன்.

“அருமை,” என்றார். “இப்பத்தான் சரியா வந்திருக்கு. நீங்கள் ஒரிஜினலை வடிவாப் பார்த்திருக்கிறியள்.”

நான் மற்றக் கதிரையில் இருந்துவிட்டேன்.

“தங்கச்சி,” என்று என்னைக் கூப்பிட்டார். “உங்களிட்ட ஒண்டு சொல்லலாமோ? லிண்டாவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு பகிடி பண்ணியே என்னைக் கொன்றுபோடுவா.”

“சொல்லுங்கோ,” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் அவரை ‘நீங்கள்’ மரியாதையில் பேசினேன்.

“அந்த நாடகத்தைப் பார்த்து நான் சிரிக்கேல்ல. அழுதனான். அவன் பாராமல் கையை நீட்டுறானெல்லோ? கோப்பை அதில இருக்குமெண்டு அவனுக்குத் தெரியும். எனக்கும் அப்பிடித்தான். நான் கையை நீட்டின இடத்தில லிண்டா வைச்சிருப்பா. ஒருநாளும் இல்லாமல் போனதில்ல.” கோப்பைக்குள் பார்த்தார். “அவவில எனக்குச் சரியான விருப்பம், தங்கச்சி. எங்கட ஆக்கள் உதுகளைச் சொல்லுறேல்ல. சொல்லியிருக்கலாம். நான் சொல்லாதபடியாத்தான் கோவிச்சுக்கொண்டு போயிட்டாவோ தெரியாது.”

“அவ கோவிக்கேல்ல,” என்றேன்.

“உங்களுக்குத் தெரியுமே?”

“தெரியும்.”

அவர் நம்பினாரோ என்னவோ, தலையை ஆட்டினார். மிச்சத் தேத்தண்ணியையும் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, என் கண்ணை நேரே பார்த்தார்.

“திங்கக்கிழமை என்னை எங்கயோ கொண்டுபோகினமாம். அதுக்குள்ள அவவைக் கண்டால் ஒண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. ‘லிண்டா, நீர் சுணங்காமல் வாரும்’ எண்டு.”

கேட்டுக் கேட்டு ஏங்கின சொல், என் முகத்துக்கு நேரே, என் பெயரோடு வந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

“சொல்லுறன்,” என்றேன்.

“நான் சொன்னமாதிரியே சொல்லவேணும்,” என்றார் ஸ்ரான்லி. வெறும் கோப்பையை என் கையில் தந்தார். “‘நீங்கள்’ எண்டு மாத்திப்போடாதேங்கோ. நீங்கள் அமெரிக்காக்காரர் எல்லாத்தையும் மாத்திப்போடுவியள்.”

“மாத்தமாட்டன்,” என்றேன்.