மலை கொடுத்த தாளம்

ஸ்த்ராவ்கா என்பவள் ஒரு மலை அணை நிலையத்தின் பொறியாளர். ரொடோப்பி மலையில் பனி உருகி நீர் ஏறிக்கொண்டிருந்த வாரமாகப் பார்த்து, அவள் அனுப்பிய நீர்மட்டக் கணக்கில் பாதி தலைநகரமான சோபியாவுக்குப் போய்ச் சேரவில்லை. தலைமை அலுவலகத்து லாசரோவுக்கு அது போதாதா? செய்தி வரும் உங்கள் கம்பி இற்றுப்போய்விட்டது, நண்பகலுக்குள் சரியாகாவிட்டால் நிலையத்தை மூடுகிறோம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். மூடினால் மதகைத் திறக்க அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஆள் வர வேண்டும். அதற்குள் கீழே இருக்கும் ஊர் முழுகிவிடும். அவள் வீடும் அங்கேதான்.

கம்பியை அவள் சோதித்துவிட்டாள். அதில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் முன்னும் பின்னும் ஓர் எல்லைக்குறி போகும்: ஒரு பூஜ்யம், ஆறு ஒன்றுகள், மறுபடி ஒரு பூஜ்யம். செய்திக்குள் ஐந்து ஒன்றுகள் சேர்ந்து வந்தாலே அனுப்பும் பெட்டி ஒரு பூஜ்யத்தைச் செருகிவிடும், எல்லையென்று யாரும் ஏமாறாதபடி. ஆனால் இதை எண்ண இரு முனையும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். தாளம் பிசகினால் ஐந்து ஆறாகும். செய்தி குப்பைக்குப் போகும்.

தாளத்தைக் கொடுப்பது சோபியா, பின்பற்றுவது மலை. விதி அப்படி. சந்தேகப்பட்டு அவள் தன் தாளத்தைக் கொஞ்சம் வேகப்படுத்திப் பார்த்தாள். தாளம் கொடுக்க வேண்டிய சோபியாவின் பெட்டியும் அவள் பின்னாலேயே ஓடி வந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேல்யான், எல்லாரும் கைகோத்து ஹொரோ ஆட்டம் ஆடுறப்ப முன்னால கைக்குட்டை ஆட்டுறவன் இல்லேன்னா என்ன ஆகும்?" என்று எதிர் மேஜைக்காரனைக் கேட்டாள்.

"ஒருத்தன் காலை ஒருத்தன் பாத்து, மொத்தமா விழுவோம்க்கா."

"அங்க இருக்கிற மகராசனும் நம்ம காலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். இனிமே தாளம் நாம குடுப்போம்."

"விதி இடம் குடுக்காதேக்கா."

"விதிக்கு நீந்தத் தெரியுமா?"

தன் பெட்டியின் சுவிட்சைத் தாளம் கொடுக்கிற பக்கம் திருப்பினாள். செய்திகள் முழுசு முழுசாகப் போக ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் லாசரோவ் அழைத்தார்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க? தலைநகரத்துக்கு மலைநிலையம் தாளம் போடுறதா? பழையபடி வைங்க."

"வைக்க மாட்டேன். முதல்ல உங்க பெட்டியைக் குடுக்கிற பக்கம் திருப்புங்க."

திருப்பினால், இத்தனை நாளும் தப்பு தன் பக்கம்தான் என்று லாசரோவ் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அதற்கு ஆளில்லை.

"மூடுற உத்தரவு என் மேஜையில இருக்கு, தெரியுமில்ல?"

"அனுப்புங்க. போறப்ப இந்தச் சுவிட்சையும் அணைச்சிட்டுத்தான் போவேன். அப்புறம் உங்க பெட்டி யாரைப் பாத்து நடக்குதுன்னு பாப்போம், தப்பு யார் பக்கம்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

எதிர்முனையில் ஃபோன் வைக்கப்பட்டது. உத்தரவு வரவில்லை. அந்த வசந்தம் முழுக்க மலை போட்ட தாளத்துக்குத்தான் தலைநகரம் நடந்தது. மதகை அவள்தான் திறந்தாள்.