ஆறு எண்கள்

மூன்றாவது முறையும் பாஸ்வேர்டு தவறு என்றது போன். சுகுணா குளியலறையின் தகரக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். வெளியே அண்டாவில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் இறந்துபோன அவளுடைய மாமியார் தீர்த்தம்மாளை அந்தத் தண்ணீரில்தான் கடைசியாகக் குளிப்பாட்ட வேண்டும். ஐந்து மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இப்போது மணி மூன்றே முக்கால்.

நிர்மலா பதினோரு மணியிலிருந்து நான்கு முறை அழைத்துவிட்டாள். தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். முன்பு சுகுணாவும் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் போனபோது இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

"மெயில்ல வேல ஆர்டர் அனுப்பிட்டாங்க சுகுணா. அஞ்சு மணிக்குள்ள வர்றேன்னு பதில் போடலன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். சாவு வூடுன்னு சொல்லிப் பாத்துட்டேன். ரெண்டு வரி எழுத எவ்ளோ நேரம் ஆவும்னு கேக்குறாங்க."

ரெண்டு வரிதான். ஆனால் சுகுணாவின் மெயில் கணக்கு இருந்தது அவள் புருஷன் குமாரின் பழைய போனில். விண்ணப்பத்தைக்கூட அவன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த ஒரு மத்தியானத்தில் அதிலிருந்துதான் அனுப்பினாள். போன மாதம் அந்தப் போன் அவனுடைய டெம்போ சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. தன்னிடம் இருக்கும் போனில் கணக்கைச் சேர்க்கலாம் என்றால், வருடக்கணக்கில் யாரும் கேட்காத பாஸ்வேர்டு சுத்தமாக மறந்திருந்தது.

மறந்துவிட்டதா என்று கேட்டிருந்த இடத்தைத் தொட்டாள். நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்புகிறோம், பத்து நிமிடத்துக்குள் அதைப் போட வேண்டும் என்றது. அந்த எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கணக்கு தொடங்கிய நாளில் வீட்டிலிருந்த ஒரே போன் மாமியாருடைய பட்டன் போன்தான்.

அது இப்போது மாமனார் பச்சியப்பனிடம் இருந்தது. சொந்தக்காரர்களின் எண்கள் எல்லாம் அதில்தான் என்பதால், காலையிலிருந்து சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அனுப்பு என்பதை அழுத்திவிட்டு வெளியே வந்தாள். ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காலையிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். நாத்தனார் அமுதவல்லி மட்டும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா பக்கவாதம் வந்து படுத்த மூன்று வருடமும் அண்ணிதான் தூக்கி எடுத்துப் பார்த்துக்கொண்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அம்மாவுக்கு அண்ணி இருந்தாங்க. இனி அப்பாவுக்கும் அண்ணி இருக்காங்க. எனக்கு அந்தக் கவல இல்ல" என்று மூக்கைச் சிந்தினாள்.

அதைக் கேட்டுத் தலையாட்டிய பெண்களில் ஒருத்தி சுகுணாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை எப்படி எடுப்பது என்று தெரியாமல் சுகுணா சற்று நேரம் அப்படியே நிற்க வேண்டியிருந்தது.

வாசலை அடைவதற்குள் மாமனாரின் குரல் கேட்டுவிட்டது.

"யாரோ நம்பர் அனுப்பியிருக்காங்கப்பா. பத்து நம்பர் இல்ல, ஆறுதான் இருக்குது." கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "நாலு. எட்டு. ஒண்ணு. ஒம்போது. ரெண்டு. எட்டு."

குமார் எட்டிப் போனை வாங்கிப் பார்த்தான். "ஓடிபி இது. அம்மா போனுக்கு யாரு கேட்டது?"

செத்தவள் கணக்கில் எவனோ கை வைக்கிறான், உடனே பேங்குக்குச் சொல்லு என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர் போனையே அணைக்கச் சொன்னார்.

"நான்தாங்க கேட்டேன்" என்றாள் சுகுணா. "என் மெயிலுக்கு."

அத்தனை ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். குமார் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்தான். அழுதழுது அவன் கண்கள் சிவந்திருந்தன. அவன் கத்தவில்லை.

"எதுக்கு?"

"லேப்ல வேல வந்திருக்குது. அஞ்சு மணிக்குள்ள வர்றேன்னு சொல்லணும்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கித்தாங்க கேக்குறாங்க."

அவன் சாமியானா பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்பாவ யாரு பாக்குறது?"

பச்சியப்பன் அறுபத்தெட்டு வயதிலும் கடத்தூர் சந்தைக்குச் சைக்கிளில் போய்வருகிறவர். மரவள்ளிக் குச்சியைத் தானே வெட்டித் தானே கட்டுகிறவர். அவருக்கு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் அவர் இன்று மனைவியை இழந்தவர்.

"காரியம் முடியட்டும் சுகுணா. பேசிக்கலாம்" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவள் லேப் வேலையை விட்டபோதும், அம்மா கொஞ்சம் தேறட்டும், பேசிக்கலாம் என்றுதான் சொன்னான். அவன் பொய் சொல்கிறவனில்லை. பேசலாம் என்றே நினைத்திருப்பான். அந்த நாள்தான் வரவில்லை.

சுகுணா மறுபடி குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டாள். ஒரு நாளைக்கு நூறு ரத்தக் குழாய்களின் எண்களை மனதில் வைத்து வேலை செய்தவள் அவள். நாலு, எட்டு, ஒண்ணு, ஒம்போது, ரெண்டு, எட்டு. விரல் ஈரத்தில் ஒரு முறை தப்பாக விழுந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பப் போட்டாள். ஏற்றுக்கொண்டது. புதிய பாஸ்வேர்டு கேட்டது, இரண்டு முறை. பிறகு வட்டம் சுற்றிற்று, சுற்றிக்கொண்டே இருந்தது.

"தண்ணி காஞ்சிருச்சு. மருமவ எங்க?" என்று வெளியே யாரோ கேட்டார்கள்.

வருடக்கணக்கான மெயில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இறங்கின. எல்லாவற்றுக்கும் மேலே ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. வருகிறேன் என்றும், வீட்டில் மரணம் என்பதால் பத்து நாள் அவகாசம் வேண்டும் என்றும் இங்கிலீஷில் எழுதினாள். கதவு தட்டப்பட்டது. "வர்றேன்" என்று குரல் கொடுத்தபடியே அனுப்பினாள். வெளியே அந்தக் குரல் அழுகை மாதிரி கேட்டிருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் இரண்டு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

மறைப்புக்குப் பின்னால் பெஞ்சில் தீர்த்தம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். தலையை யார் பிடிப்பது என்ற கேள்வியே எழவில்லை. அந்த உடம்பில் எந்தக் கை மடங்காது, எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்கும் என்று சுகுணாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தி சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். ஊற்றுவதற்கு முன்னால் சுகுணா அதில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். "பச்சத்தண்ணி கொஞ்சம் ஊத்துங்க. சூடு தாங்க மாட்டாங்க" என்றாள்.

பச்சைத்தண்ணீர் ஊற்றினார்கள். அமுதவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

ஐந்தேகாலுக்கு எடுத்தார்கள். மேளச் சத்தம் ஏரிக்கரை தாண்டித் தேய்ந்த பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். சுகுணா முன்னறையில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். பதில் கிடைத்துவிட்டது, பத்து நாள் தருகிறார்கள் என்று நிர்மலா செய்தி அனுப்பியிருந்தாள். அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். குமாரிடம் இன்னும் சொல்ல வேண்டும்.

ஆறரை மணிக்கு ஆண்கள் பம்புசெட்டில் தலைமுழுகிவிட்டு வந்து, ஒவ்வொருவராக விளக்கைக் கும்பிட்டு நகர்ந்தார்கள். பச்சியப்பன் கடைசியாக வந்தார். கும்பிட்டார். ஈர வேட்டியோடு அப்படியே நின்றார். தாடி மயிரில் தண்ணீர் சொட்டியது.

"சுகுணா, துண்டு எங்க இருக்குது?"

அவர் கட்டிய வீடு அது. அவள் எழுந்து போய் எடுத்துவர நான்கு எட்டுத்தான். எல்லோரும் அவள் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தது போல இருந்தது.

"பீரோவுல இருக்குது மாமா. கீழ்த்தட்டுல" என்றாள். எழுந்திருக்கவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். காலடியில் தண்ணீர் சேர்ந்தது. அமுதவல்லி எழப் போனாள்; என்ன நினைத்தாளோ, திரும்ப உட்கார்ந்துகொண்டாள். பச்சியப்பன் சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார். பீரோக் கதவு திறக்கும் சத்தமும், பிறகு ஒவ்வொரு தட்டாக அவர் துழாவும் சத்தமும் கேட்டன.