நல்ல கனம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அண்ணன் அதற்கு நேர்மாறு. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத தையல்காரன். ஒரே வயிற்றில்தான் பிறந்தோம், என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தேர்வு ஆட்டம். கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடும் குழு ஒன்று மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறது. ஜெயித்தால் கிடங்கில் பெட்டி தூக்கும் பிழைப்புக்கு முழுக்குப் போடலாம். ஆடச் சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டுமே! புதுசுக்கு வக்கில்லை, பழைய சாமான்களாகப் பொறுக்கினோம். மூடிப்போன அலுவலகத்திலிருந்து மதர்போர்டு, யாரோ ஆடிச் சலித்த கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு பக்கக் கதவு இல்லாத பெட்டி. கதவுக்குப் பதில் அண்ணன் கொசுவலைத் துணி தைத்து மாட்டினான். காற்று போகும், தூசி போகாது என்று பெருமை வேறு.

மிச்சம் பவர் சப்ளை, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டப்பா. அதைச் சர்க்கரையிடம் வாங்கினோம். பழைய சாமான் கடைக்காரன். பேச்சில் தேன் ஒழுகுவதால் அந்தப் பெயர். பவர் சப்ளையைத் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் மாட்டும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். உள்ளே சரக்கு இருந்தால் கனக்கும். அண்ணன் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்" என்றான்.

சுவிட்சைப் போட்டதும் டமார். போர்டும் போச்சு, கார்டும் போச்சு. பவர் சப்ளையைத் திருகு கழற்றிப் பிரித்தேன். எடைக்காக உள்ளே ஒரு இரும்புப் பாளத்தை முடுக்கி வைத்திருந்தான் படுபாவி.

பாளத்தைத் தூக்கிக்கொண்டு சர்க்கரையின் கடைக்குக் கிளம்பினேன். அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தான். தன்னிடம் துணி தைக்க வரும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அவருடைய கம்ப்யூட்டரை இரவல் தருவார் என்று வழியெல்லாம் கெஞ்சினான். "மிஷின் போனா போகட்டும். உன் கை இருந்தா போதும், வீட்டுக்கு வா."

நான் கேட்டால்தானே! சர்க்கரை, ஓடுவதைத்தான் கொடுத்தேன், மாட்டத் தெரியாமல் மாட்டிவிட்டு வந்து நிற்கிறாய் என்றான். பாளத்தைக் காட்டினேன். சிரித்தான்.

"சமையல்கட்டுல போய் விளையாடும்மா."

பளார் என்று விட்டேன். பாளத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, இடது கையால்தான். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்திருந்தேன். மவுஸ் பிடிக்கிற கை. கோபத்திலும் அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

அவன் என் முடியைப் பிடித்து அலமாரியில் மோதினான். பழைய ஹார்ட் டிஸ்குகள் தோளில் பொலபொலவென்று விழுந்தன. எட்டிப் பாளத்தை இடது கையாலேயே எடுத்து அவன் வாயில் ஓங்கிப் போட்டேன். பல் தெறித்துக் கவுண்டரில் உருண்டது. ரத்தம் ஒழுகிய வாயோடு அவன் என் கால்சட்டைப் பையையே பார்த்தான். பழைய சாமான் வியாபாரி, எது விலை உள்ளது என்று அவனுக்கா தெரியாது? வலது மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக் கவுண்டரில் அமுக்கினான். மறு கையில் சுத்தியல்.

அது இறங்கியபோது என் கைமேல் அண்ணனின் கை இருந்தது. கத்தரி பிடிக்கிற கை. எலும்பு நொறுங்கியதை என் தோலில் உணர்ந்தேன். அண்ணன் மறு கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"தப்பிச்சிருச்சில்ல? வா, போலாம்" என்றான். அப்படியே கண் சொருகிச் சரிந்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். சர்க்கரைகூட சுத்தியலைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒண்டியிருந்தான், பயந்துபோய். நான் அவன்மேல் ஏறி உட்கார்ந்தேன். குத்தினேன், குத்திக்கொண்டே இருந்தேன். எந்தக் கை என்று யார் பார்த்தது? அவன் தாடை உடைந்தது கேட்டது. இன்னொரு சத்தமும் கேட்டது. அது என் எலும்பு என்று அப்போது தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பிய்த்தெடுத்தார்கள்.

மருத்துவமனையில் கண் விழித்த அண்ணனிடம், மூன்று விரல் இனி மடங்காது என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரவல் கம்ப்யூட்டர் உறுதி, ஞாயிறு காலையே போய் எடுத்துக்கொள்ளலாம் என்றான். பிறகு என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான்.

"எந்தக் கையால அடிச்ச?"

வீங்கிப்போன வலது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இடது கையாலதான்ணா."